இறக்காத குடுக்கை

எங்கள் வீட்டு விதை அழுகிப்போனதைப் பார்த்து ஒரு கூட்டம் கைதட்டியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் நானும் கைதட்டியிருக்கிறேன், பிள்ளைகளையும் தட்டச் சொல்லியிருக்கிறேன். ஆனால் யாராவது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, ரசித்து ரசித்து, மெதுவாகத் தட்டினால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு அரைகுறையாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒருமுறை முழுசாக எழுதிவிடுகிறேன்.

எழுபதுகள் முடிகிற நேரம். எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு, ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் ஜவ்வாது மலையில் எங்கள் ஊரில் உட்கார்ந்திருந்தேன். அப்பா இறந்த பிறகு அம்மாதான் காட்டைப் பார்த்துக்கொண்டாள். ஒரு மேட்டுக்காடு, வீட்டுக்குப் பின்னால் புளியமரம், ஏருக்கு மாடு. எங்கள் மேட்டுக்காட்டில் விளைந்தது பெருஞ்சாமை. கடைகளில் கிடைக்கும் சிட்டன் சாமை சீக்கிரம் விளையும், ஆனால் காற்றுக்குப் படுத்துவிடும். பெருஞ்சாமை நிதானமாக விளையும், எந்தக் காற்றுக்கும் நிற்கும். அம்மா கல்யாணமாகி வந்தபோது அவள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த விதை அது. ஒவ்வொரு அறுப்பிலும் அதிலிருந்தே எடுத்துவைத்து, அதையே விதைத்து வந்தோம்.

விதையை எடுத்துவைப்பதற்கு ஒரு முறை உண்டு. நன்றாகக் காயவைத்து, சாம்பல் கலந்து, முற்றிக் காய்ந்த பெரிய சுரைக்குடுக்கையில் கொட்டி, வாயைச் சாணியால் மெழுகி அடைத்து, அடுப்புக்கு நேர் மேலே கட்டித் தொங்கவிடுவோம். புகை படப்படக் குடுக்கை கறுத்து மினுமினுக்கும், பூச்சி பக்கத்தில் வராது. விதைக்கிற நாள் வரை யாரும் திறக்கமாட்டோம். விதைப்புக்கு முன்னால் ஒரே ஒரு ராத்திரி மட்டும் அது வீட்டை விட்டுப் போகும். ஊருக்கு மேற்கே பாறை, பாறைமேல் ஒரு பெரிய இச்சி மரம், மரத்தடியில் எங்கள் சாமியாக ஒரு கல். அந்த மரத்துக் கிளைகளில் ஒவ்வொரு வீட்டுக் குடுக்கையையும் ஏற்றிக் கட்டிவிட்டு வருவோம். சாமி விதையைப் பார்க்க வேண்டும் என்று கணக்கு. விடிந்ததும் இறக்கிக்கொண்டு வந்துவிடுவோம்.

ஏற்றியவர் கையாலேயே இறக்க வேண்டும், அதுதான் இதில் முக்கியம். வேறு யாராவது இறக்கினால் அந்த விதை வீட்டுக்கு ஆகாது. ஒரு வருஷம் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குடுக்கையை ஏற்றிவிட்டு வந்து காய்ச்சலில் விழுந்துவிட்டார். காலையில் அவரைக் கட்டிலோடு பாறைக்குத் தூக்கிப்போய், கையைப் பிடித்து முடிச்சை அவிழ்க்க வைத்தார்கள். அவர் என்னவோ உளறிக்கொண்டே அவிழ்த்தார். அந்த வருஷம் அவர் வீட்டுச் சாமை நன்றாகவே விளைந்தது.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் மெட்ராசிலிருந்து ஒரு சிற்பக் கலைஞர் வந்தார். சித்திரை மாதம். முந்தின வருஷம் மழை சரியில்லை, ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜீப்பில் வந்து இறங்கினவர் தலையில் ஈரத்துண்டு போட்டிருந்தார், கேமராவைக் கம்பளியில் சுற்றிக் கைக்குழந்தை மாதிரி வைத்திருந்தார். ஊர் நாட்டாமை வீட்டில் தங்கினார். ஊருக்குத் தார் ரோடு போடுகிற விஷயமாகப் பெரிய இடத்தில் பேசுவதாகச் சொன்னார். நாட்டாமைக்கு அது போதும்.

அவர் ஊரைக் கூட்டிப் பேசிய அன்று நான் இல்லை. பயிற்சி விஷயம் விசாரிக்க ஒடுகத்தூருக்கு இறங்கிப் போயிருந்தேன். அவர் சொன்னதை அம்மா பிறகு ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் ஒப்பித்தாள். "உங்க வீட்டுல புழங்கற பொருள் ஏதாவது ஒண்ணு குடுங்க. உங்களுக்கு ரொம்ப வேண்டிய பொருளா இருந்தா நல்லது. அதை நான் அந்த மரத்துல கட்டுவேன். என் வேலை அவ்வளவுதான். மிச்சத்தைக் காத்தும் வெயிலும் மழையும் செய்யும்" என்றாராம்.

"மழை வருமாங்க?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"வரணும். மழை வந்தாத்தான் இது முழுசாகும்" என்றிருக்கிறார்.

சித்திரையில், மழை இல்லாத வருஷத்தில், சாமி மரத்தைக் காட்டி ஒருவர் இப்படிச் சொன்னால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? பாதிப் பேர் அவரைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். வீட்டில் தூக்கிப்போட இருந்ததை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அடிப்பக்கம் ஓட்டையான அலுமினிய டேக்சா, கண் கிழிந்த சல்லடை, சீமெண்ணெய் டின், கம்பி மட்டும் மிஞ்சின குடை, சைக்கிள் டயர். நாட்டாமை தன் பங்குக்கு எரியாத டார்ச் லைட் கொடுத்தார். ஊரிலேயே அவர் பேச்சை நம்பியவள் என் அம்மா ஒருத்திதான். மழைக்காகச் செய்கிற பூசை இது, சாமிக்கு விதையை இந்த வருஷம் முன்கூட்டியே காட்டச் சொல்கிறார் என்று நினைத்தாள். வேண்டிய பொருள் என்று கேட்டார், கொடுத்தாள். தலைக்குக் குளித்துவிட்டு, குடுக்கையைத் தலையில் வைத்துக்கொண்டு பாறைக்குப் போயிருக்கிறாள். மரத்தில் கட்டப் போனவளிடமிருந்து அவர் வாங்கி, "நான் கட்டறேம்மா" என்று தானே கட்டியிருக்கிறார். பூசாரி கட்டினால் இன்னும் நல்லது என்று அவளும் விட்டுவிட்டாள்.

சாயங்காலம் நான் வந்தபோது அடுப்புக்கு மேலே கயிறு மட்டும் தொங்கியது. "இன்னாம்மா, குடுக்கை எங்கே?" என்றேன். சந்தோஷமாகச் சொன்னாள். அந்த ஜீப்பையும் கேமராவையும் பார்த்திருந்த எனக்கு அது பூசை இல்லை என்று தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த யாருக்கும் தெரிந்திருக்கும்.

விடிந்ததும் அம்மா குடுக்கையை வாங்கப் போனாள். நானும் போனேன். அவர் பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நாட்டாமை.

"எறக்கிக் குடுத்துடுங்க சாமி, நான் எடுத்துனு போறேன்" என்றாள் அம்மா.

"இப்போ எடுக்க முடியாதும்மா. மழை வரைக்கும் இருக்கணும்."

"ஒரு ராத்திரிதாங்க வைக்கிறது. நீங்கதான ஏத்தினீங்க? ஏத்துனவங்கதான் எறக்கணும். நான் தொட்டா ஆவாது."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த வழக்கத்தை அம்மாவிடம் தோண்டித் துருவிக் கேட்டார். யார் ஏற்றினாலும் அப்படித்தானா? வேறு ஆள் இறக்கினால் என்ன ஆகும்? அம்மா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள், கட்டிலோடு தூக்கிப்போன கதை உட்பட. கேட்டு முடித்ததும் அவர் நாட்டாமையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"அப்போ நான் இறக்கற வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது. உங்க வழக்கம்தானே?"

நாட்டாமை தலையாட்டினார். "வழக்கம் அதாங்க."

நான் ஆத்திரத்தோடு குறுக்கே புகுந்தேன். "சார், அது வெறும் குடுக்கை இல்லீங்க. உள்ள வெதை இருக்குது. இந்த வருஷம் நாங்க வெதைக்க வேண்டியது."

"தெரியும்மா. அம்மா சொன்னாங்க" என்றார் நிதானமாக. "அதனாலதான் அதை நடுவுல கட்டியிருக்கேன்."

தெரியாமல் செய்திருந்தால் என்றோ மன்னித்திருப்பேன். ஒரு முரடன் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால்கூட ஊர் கூடி அடித்து வாங்கியிருக்கும். இவர் எங்கள் நம்பிக்கையை வைத்தே எங்கள் கையைக் கட்டினார், அதுவும் மரியாதையாக, 'அம்மா' போட்டு.

அன்று மத்தியானமே அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பாறைக்குப் போய்க் கயிற்றை அறுத்துவிடுவது என்று முடிவு. வாசல் தாண்டுவதற்குள் அம்மா என் சடையைப் பிடித்து இழுத்தாள். "நீ அறுத்துனு வந்தா அது தானியம்டி, வெதை இல்ல. அதைக் கொண்டாந்து நான் எந்தக் காட்டுல போடுவேன்?" என்றாள். படித்த திமிரில் நான் என்னென்னவோ பேசினேன். விதைக்கு யார் கை பட்டால் என்ன, மண்ணுக்குத் தெரியுமா என்றேன். அவள் அரிவாளை வாங்கிக் கூரையில் செருகிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

நான் தினமும் பாறைக்குப் போய் அந்த ஆளை முறைத்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒன்றைப் பார்த்தேன், அதையும் சொல்லியாக வேண்டும். அவர் கட்டியது அழகாக இருந்தது. சாயங்காலக் காற்று பள்ளத்திலிருந்து ஏறும்போது டின் முதலில் ஆடும், டேக்சாவில் இடிக்கும், குடைக்கம்பி சுற்றத் தொடங்கும். சல்லடை வழியாக வெயில் பாறைமேல் பொட்டுப் பொட்டாக ஓடும். எல்லாம் ஆடி அடங்கின பிறகும் நடுவில் குடுக்கை மட்டும் கனத்தால் அசையாமல் நிற்கும். தூக்கிப்போட்ட சாமான்களுக்கு இப்படி ஓர் உயிர் வரும் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் அந்த அழகு முழுவதும் எங்கள் விதையின் கனத்தால் நின்றது. குடுக்கையில் மணலைப் போட்டிருந்தாலும் அப்படித்தான் நின்றிருக்கும். அதைச் சொன்னேன். "மணல் முளைக்காதே" என்றார்.

கோடை மழை வந்தது. எந்த மழைக்கு ஊரே ஏங்கியதோ அந்த மழைக்கு எங்கள் வீட்டில் மட்டும் அழுகை. அம்மா கூரைக்கடியில் நின்று மேற்கே பாறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாணி மெழுகல் எத்தனை நேரம் தாங்கும்? அடுத்தடுத்த நாட்களும் மழை. பிறகு நல்ல வெயில். குடுக்கையின் வாயிலிருந்து முளை பச்சையாக எட்டிப் பார்த்தது. பின்பு மயிர் மயிராக வெளியே வழிந்தது. அவர் தரையில் மண்டியிட்டுப் படம் எடுத்தார், கண்ணில் நீர் வழிந்தது. ஒடுகத்தூர் போய் போன் செய்துவிட்டு வந்தார்.

இரண்டொரு நாளில் மெட்ராசிலிருந்து ஒரு வேன் வந்தது. நல்ல துணி உடுத்திய ஆணும் பெண்ணுமாக இறங்கினார்கள். பாறை ஏறுவதற்குள் மூச்சு வாங்கினார்கள். மரத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர் ஏதோ சொன்னார். விதை, வீடு, மழை, விட்டுக்கொடுத்தல் என்றெல்லாம் காதில் விழுந்தது. விட்டுக்கொடுத்தலாம். யார் எதை விட்டுக்கொடுத்தது? பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், தலையைச் சாய்த்து, மெதுவாக.

அம்மா அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தாள். தாழ்ந்து தொங்கிய கிளைதான், குடுக்கை அவள் முகத்துக்கு நேராக இருந்தது. முடிச்சைத் தொடாமல், குடுக்கையின் வாய்க்குள் மட்டும் விரலை விட்டுத் தோண்டி எடுத்து முகர்ந்து பார்த்தாள். மேலே பச்சை, உள்ளே எல்லாம் புளித்துக் கூழாகியிருந்தது. அந்த விரலை என்னிடமும் நீட்டினாள். பழைய கஞ்சி நாற்றம். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் "ஹௌ பியூட்டிஃபுல்" என்றார். என் அம்மாவைச் சொன்னாரா, முளையைச் சொன்னாரா தெரியாது.

"ஆச்சே, மழை வந்துடுச்சே. இப்பவாவது எறக்கிடுங்க சாமி" என்றாள் அம்மா. அந்த அழுகினதைக்கூட அவர் கையால் இறக்கி வாங்கிக்கொண்டு, முடிந்தது என்று வீட்டுக்குப் போகத்தான் அவள் நின்றாள்.

அவர் இறக்கவில்லை. அப்படியே மெட்ராசுக்குக் கொண்டுபோக வேண்டுமாம், கட்டு கலையக்கூடாதாம். ரம்பம் கொண்டுவரச் சொல்லி, சாமி மரத்துக் கிளையைக் குடுக்கையோடு சேர்த்து அறுத்து, நாலு பேராகத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். நாட்டாமை முதன்முதலாக அப்போதுதான் முகம் சுளித்தார். சுளித்து என்ன செய்ய? வேன் போய்விட்டது. ரோடு அதற்குப் பிறகும் வெகுகாலம் வரவில்லை.

அந்த வருஷம் ஒடுகத்தூர்க் கடையில் சிட்டன் விதை வாங்கி விதைத்தோம். முளைத்தது, வளர்ந்தது, காற்றடித்த அன்று மொத்தமும் படுத்துக்கொண்டது. எனக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்து, வேலையும் கிடைத்து, திருப்பத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். லீவுக்கு வரும்போதெல்லாம் அடுப்புக்கு மேலே அந்த வெறும் கயிறு தொங்கும். மாமா வீட்டில் பெருஞ்சாமை இருக்கிறது, கொஞ்சம் வாங்கி மறுபடியும் குடுக்கை கட்டு என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"ஒண்ணு இன்னும் தொங்கினு இருக்குதுடி. அது எறங்காம இன்னொண்ண எப்பிடி ஏத்துறது?" என்பாள். ஒவ்வொரு வருஷமும் கடைச் சாமை. ஒவ்வொரு வருஷமும் காற்றுக்குப் படுத்த காடு. ஒரு ஆள் வேண்டுமென்றே ஒரு முடிச்சை அவிழ்க்காமல் போனதற்கு என் அம்மா இத்தனை அறுப்புகளை இழந்தாள்.

எண்பதுகளின் கடைசியில் ஆசிரியர் பயிற்சி முகாமுக்காக மெட்ராஸ் போயிருந்தேன். கூட வந்த டிராயிங் டீச்சர், எழும்பூர் பக்கம் ஒரு கண்காட்சி நடக்கிறது, வா என்று இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே நுழைந்ததும் தலையைத் தூக்கிப் பார்த்தேன். எங்கள் இச்சி மரத்துக் கிளை கூரையிலிருந்து கம்பியில் தொங்கியது. வார்னிஷ் அடித்திருந்தார்கள். டேக்சா, சல்லடை, குடைக்கம்பி, நடுவில் எங்கள் குடுக்கை, வாயில் காய்ந்துபோன முளைகள். கீழே ஒரு டேபிள் ஃபேன் தலையைத் திருப்பித் திருப்பிக் காற்று விட்டுக்கொண்டிருந்தது. காற்றுக்குக்கூட இப்போது கரண்ட்.

அவரும் இருந்தார். தலை நரைத்திருந்தது. சுற்றிலும் ஒரு கூட்டம். நான் நேரே போய் நின்றேன்.

"ஏத்துனவங்கதான் எறக்கணும். எறக்குங்க."

அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "நீங்க...?"

"மலையிலருந்து வர்றேன். நீங்க கட்டுன குடுக்கை. எறக்குங்க."

அவர் முகம் மறுபடியும் மலர்ந்தது. அதே மலர்ச்சி. கூட்டத்தைப் பார்த்து எங்கள் வழக்கத்தை விளக்க ஆரம்பித்துவிட்டார், கட்டிலோடு தூக்கிப்போன கதை வரை. கேட்டவர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இறக்குங்க சார், இறக்குங்க என்று அவர்களே சொல்லத் தொடங்கினார்கள். இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அத்தனை பேர் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. யாரோ ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். ஏறி நின்று, வார்னிஷில் இறுகிக் கிடந்த முடிச்சை நகத்தால் கீறிக் கீறி அவிழ்த்து, குடுக்கையை இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் அதை என் துணிப்பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தேன்.

"அம்மா, அம்மா, அது இங்கே இருக்கணும். அது இல்லாம இந்த வேலையே இல்ல" என்று பின்னால் வந்தார்.

"எறக்கினா வூட்டுக்குப் போவணும் சார். அதுவும் வழக்கந்தான்" என்றேன். கூட்டம் அதற்கும் கைதட்டியது. அந்தத் தட்டல் ஓய்வதற்குள் நான் தெருவுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை மலைக்குப் போனேன். அம்மா குடுக்கையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே கிடைத்தது, எப்படிக் கிடைத்தது என்று ஒன்றும் கேட்கவில்லை.

"அவனே எறக்குனானா?"

"அவரேதான். ஸ்டூல் போட்டு ஏறி."

"கையாலதான அவுத்தான்? கத்தி கித்தி வெக்கலியே?"

"நகத்தால."

"அப்போ சரி" என்றாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. எனக்குத்தான் போதவில்லை. அந்த ஆளை மலைக்கு இழுத்துவந்து, படுத்துக் கிடந்த ஒவ்வொரு வருஷத்துக் காட்டையும் காட்ட வேண்டும் என்று இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அம்மா குடுக்கையைத் தரையில் வைத்து மிதித்து உடைத்தாள். ஓடுகளை வெந்நீர் அடுப்பில் போட்டாள். வார்னிஷ் பிடித்துக்கொண்டு குபுகுபுவென்று எரிந்தது, வீடெல்லாம் பெயிண்ட் நாற்றம். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, கொல்லையில் சுரைக்கொடிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதுல பெருசா ஒண்ணு வுட்டுருக்குது. கொழம்புக்குப் பறிச்சிடாத. முத்தட்டும்."